ஏழுகுன்றில் மணி அடித்தது யார்

தையல் ஊசியின் முனை ஒவ்வொரு கம்பியாகத் தொட்டு நிமிர்த்திக்கொண்டு போனது. பழைய ஹார்டு டிஸ்க்கின் பின்புறத்தில் இரண்டு வரிசையாக நிற்கும் மெல்லிய கம்பிகளில் சில சாய்ந்திருந்தன. யாரோ எப்போதோ அவசரத்தில் கேபிளைத் திணித்திருக்க வேண்டும். ஒரேயடியாக நிமிர்த்தினால் ஒடிந்துவிடும். கொஞ்சம் தள்ளி, விட்டு, மறுபடியும் தள்ள வேண்டும். கடைசிக் கம்பியும் நேரானதும் ஊசியைப் பிடித்திருந்த கைகள் கேபிளைச் செருகி சுவிட்சைப் போட்டன. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு உள்ளே ஏதோ சுழலத் தொடங்கி, ஓசை மெல்ல மேலேறியது.

"ஓடுது," என்றார் ராஜதாஸ், யாரும் இல்லாத கடையைப் பார்த்து.

தமிழக-கேரள எல்லையிலுள்ள பனச்சமூட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ராஜதாஸின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை இருக்கிறது. ரிப்பேர் வேலையை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கெட்டுப்போனதைப் பிரித்துப் பார்த்தும், பிறர் எழுதிய புரோகிராம்களை வரிவரியாகப் படித்தும் கற்றுக்கொண்டார். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் அவர் குன்னத்துகாலில், கிறிஸ்தவ சபைக் கட்டடத்தை ஒட்டிய ஓர் அறையில், பிரவுசிங் சென்டர் நடத்தினார். படம் ஓடாத மெஷின்கள். அதனால் படமே தேவைப்படாத ஒரு விளையாட்டை உண்டாக்கினார். வெளிநாட்டில் கல்லூரிப் பிள்ளைகள் எழுதி இலவசமாக விட்டிருந்த புரோகிராமை எடுத்து, அவர்களுடைய கோட்டைகளையும் பறக்கும் நாகங்களையும் நீக்கிவிட்டு, தன்னுடைய உலகத்தை வைத்தார். அதற்கு ஏழுகுன்று என்று பெயரிட்டார்.

எல்லாம் எழுத்துதான். 'வடக்கே ஒரு பாறை, கீழே ஆறு' என்று திரையில் வரும். வடக்கு என்று தட்டினால் பாறைக்குப் போகலாம். ஒரே நேரத்தில் பலர் உள்ளே இருப்பார்கள். ஒருவர் சொல்வது மற்றவர் திரையில் தெரியும். ரப்பர் தோட்டத்தில் கள்ளர்கள் உண்டு. எல்லைச் சாவடியில் ஒரு பூதம் உண்டு. அது தமிழில் பேசுகிறவனிடம் மலையாளத்தில் பதில் கேட்கும், மலையாளத்தில் பேசுகிறவனிடம் தமிழில் கேட்கும். அடிபட்டு வருகிறவர்களுக்குப் பலம் திரும்ப வேண்டுமானால் தெற்குக் கோடியிலுள்ள அசனப் பந்தலுக்குப் போக வேண்டும். சபையில் ஆண்டுக்கொருமுறை எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து உண்ணும் அசனத்தைப் பார்த்து அவர் வைத்த விதி அது. தனியாகப் போனவனுக்கு அங்கே சோறு விளம்ப மாட்டார்கள். மூன்று பேராவது பந்தியில் உட்கார வேண்டும்.

ஏழுகுன்று இருந்த அந்த டிஸ்க்கைத் தேடி எடுக்க வைத்தவன் தீபு. ஏழுகுன்றின் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்த பழைய ஆட்டக்காரன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நோயில் அவன் பார்வை போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் வீட்டைவிட்டு இறங்குவதில்லை. அவனோடு சேர்ந்து விளையாடிய மோகனன்தான் வம்படியாகத் தன் ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கூட்டிவந்தான்.

"அண்ணா, இப்ப உள்ள கேம் எல்லாம் படமாக்கும். எனக்கு ஒண்ணும் கொள்ளாது," என்றான் தீபு. "எழுத்தா இருந்தா லேப்டாப் வாசிச்சுச் சொல்லும். நான் கேட்டுக் கேட்டுப் போவேன். எனக்கு யாரும் கையப் பிடிக்காம ஒரு எடத்துல நடக்கணும்."

"எலே, நீ அண்ணைக்கே கண்ண மூடிட்டுத்தான் ஓடுவ. எத்தன தடவ ஆத்துல விழுந்த?" என்றான் மோகனன்.

"உன்னைய கள்ளன் அடிச்சப்ப தூக்குனது ஆரு? மிண்டாம இரி." தீபு சிரித்தான். பிறகு ராஜதாஸ் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பினான். "ஆனா அண்ணா, மணி வேணும். அசனத்துக்கு அடிக்குத மணி. அது கேட்டா எனக்கு தெக்கு எங்கண்ணு தெரியும். மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுவேன்."

"அது கெடக்கும்லே. நான்தான எழுதுனேன்," என்றார் ராஜதாஸ். எழுதியது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

டிஸ்க் திறந்தது. முதல் தொல்லை எழுத்தில் வந்தது. அந்நாளில் அந்த மெஷின்களில் தமிழ் தட்ட வழியில்லாததால், தமிழும் மலையாளமும் கலந்த பேச்சை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார். தீபு கடையில் விட்டுப்போயிருந்த லேப்டாப் அதை ஆங்கிலக் குரலில் வாசித்தது.

"வெள்ளக்காரன் சந்தையில மரச்சீனி வெல கேக்குத மாதிரி உண்டு," என்று போனில் கேட்டுக்கொண்டிருந்த தீபு விழுந்து விழுந்து சிரித்தான்.

ராஜதாஸ் ஒவ்வோர் இடத்தின் விவரிப்பையும் தமிழ் எழுத்துக்கு மாற்ற உட்கார்ந்தார். பாறை, ஆறு, சாவடி, தோட்டம் என்று வரிசையாக வந்து பந்தலில் நின்றார். பந்தல் இருந்தது. பந்தி இருந்தது. விளம்புகிறவர் இருந்தார். மணி மட்டும் இல்லை.

ஏழுகுன்று முழுக்க மணி என்ற சொல்லைத் தேடினார். இல்லை. வேறு எழுத்துக்கூட்டலில் தட்டியிருப்போமோ என்று தேடினார். இல்லை. இது முழுமை பெறாத பழைய பிரதியாக இருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் கடைசியாகச் சேர்த்த பூதம் இதில் இருந்தது. அப்படியென்றால் மணியை எங்கே எழுதினேன்?

மோகனனிடம் கேட்டார். "என்ன அண்ணா இப்பிடிக் கேக்குதிய? டாங் டாங்ணு அடிக்கும். எல்லாரும் ஓடுவோம். எனக்கு இப்பவும் காதுல உண்டு."

நிபின் இப்போது சார்ஜாவில் இருக்கிறான். அந்நாளில் கடைக்கே வராமல், பாறசாலையில் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் டெலிபோன் இணைப்பு வழியாக விளையாடியவன். அவன் குரல் செய்தி அனுப்பினான். "மணி உண்டு அண்ணா. நல்ல ஓர்ம உண்டு. மணியடிச்சா நான் கைல உள்ளதப் போட்டுட்டு தெக்க ஓடுவேன்."

ஒருவருக்கு மறதி என்றால் புரிந்துகொள்ளலாம். இங்கே மறதியே இல்லை. எல்லோரும் நினைவு வைத்திருந்தார்கள், மணிதான் எங்கும் இல்லை. ராஜதாஸுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. மணியை நான் எழுதவில்லையென்றால், நான் எழுதியதாக நினைக்கும் மற்றவற்றை எழுதியது யார்? சாப்பிடும்போது மனைவி ஜிஜாவிடம் சொன்னார்.

"அந்த மெஷினுக்கெல்லாம் ஸ்பீக்கரே கெடயாதே," என்றாள் ஜிஜா. "நான் வந்து பாத்திருக்கேன் இல்லியா? எல்லாம் ஊமையாட்டு இருந்துச்சு."

"எழுத்துல வரும். மணி அடிக்குதுண்ணு எழுதிக்காட்டும்."

"எழுத்த வாசிச்சா காதுல டாங்குணு கேக்குமாக்கும்? நல்ல கூத்து. மீன எடுங்க, ஆறுது."

அவர் மீனை எடுக்கவில்லை. காதில் கேட்டதும் உண்மை, ஸ்பீக்கர் இல்லாததும் உண்மை. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று தெரியவில்லை. மிஞ்சியது ஒரு வழிதான். பழைய அறையின் பரணில் ஒரு மெஷினை விட்டுவந்ததாக நினைவு. அதில் வேறு பிரதி இருக்கலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் குன்னத்துகாலுக்குப் போனார். அறை இப்போது செருப்புக்கடை. கடைக்காரர் ஏணியைக் காட்டிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போனார். பரணில் காலி அட்டைப்பெட்டிகள் மட்டும் இருந்தன. ராஜதாஸ் ஏணியின் நடுப்படியில் நின்று, இறங்கலாமா இன்னொரு மூலையையும் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அப்பால் சபை மணி அடித்தது. மறுநாள் ஆராதனையை நினைவூட்டும் வழக்கமான மணி.

ஏணியைப் பிடித்திருந்த அவர் வலது கையின் ஆட்காட்டி விரல் மூங்கிலில் ஒரு தட்டுத் தட்டியது. தெற்கே போக அந்நாளில் கீபோர்டில் தட்டும் ஒற்றை எழுத்து அது.

அவர் அப்படியே நின்றார். இந்த மணிதான். சுவருக்கு அப்பால் அடித்ததை எல்லோரும் திரைக்குள் கேட்டிருக்கிறார்கள். அவரும்தான். ஆனால் நிபின்? பாறசாலைக்கு இந்த மணி கேட்காதே. மறுபடியும் குழம்பியது. ஏணியிலிருந்தபடியே மோகனனைப் போனில் கூப்பிட்டார்.

"நிபினா? அவன் வீட்டுல இருந்துல்லா கேமுக்குள்ள கேறுவான்? அவனுக்கு நான்தான் டைப் அடிச்சு விடுவேன். மணியடிச்சாச்சு, வாலேண்ணு. இல்லேண்ணா பந்திக்கு ஆள் தெகையாதே." மோகனன் நிறுத்தினான். "எதுக்கு அண்ணா? மணி கிட்டிச்சா?"

"கிட்டிச்சு," என்றார் ராஜதாஸ். கிட்டியதா என்று அவருக்கே தெளிவில்லை.

அடுத்த சனிக்கிழமை போனில் மணியைப் பதிவுசெய்தார். ஓர் இடத்தில் நின்று பதிந்தது போதவில்லை. கிட்டே நின்று கேட்பது வேறு, தொலைவில் கேட்பது வேறு. அதனால் மறு வாரமும் போய்ச் சாலை வளைவில் நின்று பதிந்தார். ஏழுகுன்றில் பந்தலுக்குப் பக்கத்தில் நின்றால் உரக்கவும், பாறையில் நின்றால் மங்கலாகவும் கேட்கும்படி இணைத்தார். கடைசியாக ஒரு கேள்வி மிஞ்சியது. மணி எப்போது அடிக்க வேண்டும்? மணிக்கணக்கு வைத்துத் தானாக அடிக்க வைப்பது சுலபம். அப்படி எழுதினார், அழித்தார், மறுபடியும் எழுதினார். எது பழைய ஏழுகுன்று என்று அவரால் சொல்ல முடியவில்லை. முடிவில் அழித்துவிட்டு வேறுவிதமாக எழுதினார்.

தீபுவை மோகனன் மறுபடியும் கடைக்குக் கூட்டிவந்தான். ராஜதாஸ் நடந்ததைச் சொன்னார்.

"அப்போ எனக்கு தெக்கு காட்டுனது வெளிய உள்ள மணியாக்கும்," என்றான் தீபு.

"ஆமா மக்கா. இப்ப அத உள்ள வச்சிருக்கேன். ஆனா தானா அடிக்காது. உள்ள நிக்குத வேற ஒருத்தன் அடிக்கணும். நீ அடிச்சா அடிக்காது."

"நான் தனியா நடக்கணும்ணுல்லா சொன்னேன்?"

"நட. ஆரு வேண்டாங்குதா? சோறுதான் கிட்டாது."

மோகனன் தலையில் கைவைத்தான். "அப்போ நான் ஓட்டத்த விட்டுட்டு மணியடிக்க வரணுமாக்கும். நல்ல உத்யோகம். நிபினும் கேறுனா பந்திக்கு மூணு பேரு."

"எலே, நேரத்துக்கு அடிக்கணும்," என்றான் தீபு. "பண்டு மாதிரி டீ குடிக்கப் போயிரப்பிடாது."

அவன் சரி என்று சொன்னதாக அதை எடுத்துக்கொள்ளலாமா என்று ராஜதாஸுக்குத் தெரியவில்லை. ஏழுகுன்றை ஏற்றியிருந்த தீபுவின் லேப்டாப்பை மூடி, மேலே படிந்திருந்த தூசியைத் துணியால் துடைத்தார். தீபு இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றான். திறக்கும் பக்கம் அவனை நோக்கி இருக்கும்படி திருப்பி, ராஜதாஸ் அதை அந்தக் கைகளில் வைத்தார்.