இரண்டு பக்கமும் கரை தெரிகிற கப்பல்

ரோல்ஸ் பொரிக்கிற மணம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது...

ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மூலையில் சுகந்தி அக்காவின் ட்ரவல் ஏஜென்சி. பக்கத்தில் சாப்பாட்டுக் கடை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் ரோல்ஸ் பொரிக்க, இந்தப் பக்கம் நானும் என் கணவர் யோகனும் கப்பல் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் நிறைந்த ஆண்டு அது. அதுவரை விடுமுறை என்று எங்கும் போனதில்லை. டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டில் இருந்த காலம் முழுக்க, அவர் வேலையால் வர நான் வேலைக்குப் போவேன். அஜக்ஸில் வீடு வாங்கிய பிறகு அந்த வீட்டைப் பார்ப்பதே பெரிய வேலை.

மகள் ஷாமினிதான் பிடித்த பிடியாக நின்றாள்.

"கரீபியன் குரூஸ் போங்கோ அம்மா. யூ கைஸ் டிசர்வ் இற்!"

எனக்கு உள்ளுக்குள் ஆசைதான். யோகன் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"கடல் வேண்டாம் பிள்ளை."

அவ்வளவுதான் சொன்னார்.

ஷாமினிக்குக் காரணம் தெரியாது. எனக்குத் தெரியும்... ஆனால் அவர் சொல்லி அல்ல, கல்யாணமான புதிதில் அவருடைய அம்மா, என் மாமி, சொல்லி. சண்டைக் காலத்தில் கடல்நீரேரியை வள்ளத்தில் கடந்தபோது, முன்னால் போன வள்ளத்தில் அவருடைய தம்பி சுதன் இருந்தான். பின்னால் வந்த வள்ளத்தில் மாமியும் யோகனும். முன்னால் போன வள்ளம் கரை சேரவில்லை.

அந்தக் கதையை யோகன் ஒருநாளும் என்னிடம் எடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை. சின்ன வயதில் ஷாமினியை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனால்கூட அவர் புல்லிலேயே இருந்துவிடுவார். மணலில் கால் வைக்கமாட்டார்.

அதனால் குரூஸ் பேச்சை நான் அத்தோடு விட்டுவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, அவராகவே கேட்டார்.

"உமக்குக் கப்பலில போக விருப்பமோ?"

"இல்லையப்பா, உவள் சும்மா சொல்லுறாள்."

"பொய் சொல்லாதையும். வெளிக்கிடும், சுகந்தி அக்காவைக் கேட்டுப் பாப்பம்."

சுகந்தி அக்கா முதலில் பஹாமாஸ் படங்களைத்தான் விரித்தார். நீலத் தண்ணீர், கண்ணுக்கு எட்டும் மட்டும் ஒன்றுமில்லை. யோகன் அதை மெல்லத் தள்ளி வைத்தார்.

"அக்கா... ரண்டு பக்கமும் கரை தெரியிற கப்பல் ஏதும் இருக்கோ?"

சுகந்தி அக்கா சிரிக்கவில்லை. அவரும் எங்களைப் போல எல்லாம் பார்த்து வந்தவர்தான். ஒன்றும் கேட்காமல் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து வேறொரு புத்தகம் எடுத்தார். அதில், கல்யாணக் கேக் மாதிரித் தட்டுத் தட்டாக, வெள்ளை வெளேரென்று ஒரு கப்பல். பின்னால் தண்ணீரைத் தள்ளுகிற பெரிய சிவப்புச் சக்கரம்.

"இது மிசிசிப்பி ஆறு. பழைய ஊருகளுக்குள்ளால போகும். இடைக்கிடை கரையில கட்டுவாங்கள், இறங்கிப் பாத்திட்டு வரலாம்."

பிறகு தொடங்கியது தெரிவு. மேல் ஆறா, கீழ் ஆறா? மேலே மினசோட்டாப் பக்கம் என்றால் ஆறு ஒடுக்கம், கரை கிட்ட. கீழே நியூ ஓர்லியன்ஸிலிருந்து மெம்பிஸ் என்றால் அகலம் கூட, ஆனால் பாட்டும் சாப்பாடும் அங்கேதான். யோகனின் விரல் மேல் ஆற்றிலேயே நின்றது. ஆனால் நியூ ஓர்லியன்ஸ் இறால் படத்தில் என் கண் நின்றதை அவர் பார்த்திருக்க வேண்டும்.

"கீழ் ஆறே போடுங்கோ அக்கா. இவ உறைப்பில்லாமல் ஒரு கிழமை தாக்குப் பிடிக்கமாட்டா."

"அப்ப கேபின் பல்கனி இல்லாததாப் பாருங்கோ," என்றேன் நான். "எனக்குக் காத்துப் பட்டால் தலையிடிக்கும்."

எனக்கு எந்தக் காற்றுக்கும் தலையிடித்ததில்லை. அவருக்கும் அது தெரியும்.

கப்பலில் முதல் இரண்டு நாளும் யோகன் நடு மண்டபத்தை விட்டு அசையவில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சாப்பிட்டார். மூன்றாம் நாள் பின்னேரம் நான் சற்றுக் கண்ணயர்ந்து எழும்பினால் ஆளைக் காணவில்லை. மேல்தட்டிலிருந்து ஒவ்வொரு தட்டாகத் தேடி இறங்கினேன்.

அடித்தட்டில், சக்கரத்துக்குப் பக்கத்தில், கம்பியைப் பிடித்தபடி நின்றார். முகமெல்லாம் சக்கரம் தெறித்த தூறல். கரையில் போகிற மரங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சுதன் என்னைவிட நல்லா நீந்துவான்," என்றார்.

இருபத்தைந்து வருடத்தில் அந்தப் பெயரை அவர் வாயால் அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அதாலதான் வசந்தி... எங்கையாவது கரையேறியிருப்பான் எண்டு நெடுக நினைச்சனான். தண்ணியைக் கண்டால் கரையைத்தான் பாப்பன். அவன் நிக்கிறானோ எண்டு."

கம்பியில் இருந்த அவர் கையின்மேல் என் கையை வைத்தேன். பிறகு கேட்டேன்.

"சுதன் எப்பிடி இருப்பார்? சொல்லுங்கோவன்."

சொன்னார். விசிலடிக்கத் தெரியாமல் வெறுங்காற்று ஊதுவானாம். அண்ணனின் சட்டையைத்தான் போடுவானாம். சொல்லச் சொல்லச் சிரித்தார், அழுதார், திரும்பவும் சிரித்தார். சாப்பாட்டுக்கு மணி அடித்தது... நாங்கள் போகவில்லை.

இப்போது சுகந்தி அக்கா கடையை மூடிவிட்டார். கப்பலைத் தெரிவு செய்ய ஃபோனை விரலால் தள்ளினால் போதும். ஷாமினி கல்கரியில். எங்களுக்கு நேரம் நிறைய இருக்கிறது, யோகனின் முழங்கால்தான் இடம் கொடுக்கவில்லை.

ஆனால் அன்றைக்கெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு பெயர் சொல்லாமல் கிடந்தது. இன்றைக்கு அப்படியில்லை. போன கிழமை கண்ணாடிக்கு முன்னால் நின்று சீப்பால் தலை இழுத்துக்கொண்டே சொல்கிறார்:

"சுதன் இருந்திருந்தால் அவனுக்கும் இப்ப மொட்டை விழுந்திருக்கும், என்ன?"

"ஓம்," என்றேன். "ஆனால் உங்களைவிட வடிவா இருந்திருப்பார்."