மேடவாக்கம் – பெரும்பாக்கம்: 2,340 மீட்டர்

வழக்கமாக இந்தப் பக்கத்தில் ஏலகிரி, வால்பாறை என்று பைக்கில் சுற்றியதைத்தான் எழுதுவேன். இது தாம்பரத்திலிருந்து பெரும்பாக்கம் வரை, மொத்தம் பதின்மூன்று கிலோமீட்டர். போன மாதம் ஒரு வியாழக்கிழமை, வேலையாகப் போனது. இன்டர்நெட் கேபிளில் கோளாறு கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. படிப்பவர்களில் பலர் என்னைப் போல லைன் வேலைக்காரர்கள் என்பதால் இதையும் எழுதி வைக்கிறேன். எழுத மனம் வரவில்லை என்பதும் உண்மை.

காலை 11.50க்குப் பர்வீன் போன் செய்தார். பெரும்பாக்கம் குடியிருப்பில் எட்டாவது மாடி. அவர் வீட்டுக்குக் கனெக்‌ஷன் கொடுத்ததே நான்தான். "ஸ்டீபன் அண்ணா, காலைலேர்ந்து நெட் வரல. எங்க இஸ்மாயில் அண்ணன் சவூதில, தம்மாம்ல தவறிட்டாரு" என்றார். அங்கேயே அடக்கம். நம் நேரம் இரண்டே காலுக்கு இறுதித் தொழுகை. அதற்கு முன், 1.50க்கு, கூடத் தங்கியிருந்த நண்பர் வீடியோ காலில் முகத்தைக் காட்டுவார். மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலை, போட்டோ எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. வீட்டுக்குள் மொபைல் சிக்னல் பேச மட்டும்தான் வரும். லிஃப்ட் ஓடவில்லை, முழங்கால் போன அம்மாவைக் கீழே இறக்கவும் வழியில்லை. "அம்மா ஒரே ஒரு தடவ மூஞ்சிய பாக்கணும்னு சொல்றாங்கண்ணா."

நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிழக்குத் தாம்பரத்திலிருந்து கிளம்பும்போது மணி 12. மேடவாக்கம் ஒன்பது கிலோமீட்டர். இருபது நிமிடத்தில் போய்விடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செம்பாக்கத்தில் மட்டும் பத்து நிமிடம் நின்றேன். 12.35க்கு மேடவாக்கத்தில், கேபிள் புறப்படும் எங்கள் கன்ட்ரோல் ரூம். கேபிளுக்குள் ஒளியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து முறிவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லும் மீட்டரை மாட்டினேன். 2,340 மீட்டர் என்று காட்டியது.

வண்டியின் கிலோமீட்டரைப் பார்த்துக்கொண்டே பெரும்பாக்கம் சாலையில் அவ்வளவு தூரம் போய் நின்றபோது 12.50. அங்கே கம்பத்தை ஒட்டிய மரத்தில் யாரோ புதிதாகக் கிளை கழித்திருந்தார்கள். கத்தி கேபிளில் பட்டிருக்கும் என்று முடிவுகட்டிவிட்டேன். பதினெட்டு வருட அனுபவம், சும்மாவா? ஏணி போட்டு, ஜாயின்ட் பாக்ஸைத் திறந்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு கண்ணாடி இழையின் இணைப்பையும் சோதித்தேன். பன்னிரண்டும் முறியாமல் இருந்தன. மறுபடியும் முதலிலிருந்து சோதித்தேன். 1.15க்குப் பர்வீன் கூப்பிட்டார், 1.25க்கு மறுபடியும் கூப்பிட்டார். "இதோ, கெடச்சிடும்மா" என்றேன்.

1.30க்குத்தான் தலைக்கு மேல் தொங்கிய லூப் கண்ணில் பட்டது. பின்னால் தேவைப்பட்டால் இழுத்துக்கொள்ளலாம் என்று சில கம்பங்களில் கேபிளைச் சுருட்டிக் கட்டித் தொங்கவிடுவோம். ஒவ்வொரு சுருளும் இருபது மீட்டர், அந்த வழியில் மொத்தம் பன்னிரண்டு. மீட்டர் சொல்வது கேபிளின் நீளம். சாலையின் நீளம் அல்ல. 240 மீட்டரைக் கழித்திருக்க வேண்டும். அந்தப் பன்னிரண்டையும் இரண்டு வருடத்துக்கு முன் சுருட்டிக் கட்டியது நானேதான்.

வந்த வழியே 240 மீட்டர் திரும்பினேன். தண்ணீர் லாரிகள் திரும்பும் முனையில் கேபிள் தாழ்ந்து தொங்கியது. மேல்தோல் அப்படியே இருக்க, உள்ளே நொறுங்கியிருந்தது. எதிரே டீக்கடைக்காரர், "காலைலயே ஒரு டேங்கர் இழுத்துகினு போச்சு சார். நீங்க வேகமா போனீங்களா, கூப்ட்டேன், திரும்பியே பாக்கல" என்றார்.

இழைகளை இணைக்க முப்பத்தைந்து நிமிடம். எவ்வளவு அவசரப்பட்டாலும் அது குறையாது. லைன் வந்தபோது 2.13.

எட்டு மாடியும் ஏறிப் போனேன். பர்வீன், தன் அம்மாவின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்திருந்தார். திரையில், மூடிய சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். "தொறக்க சொல்லு பர்வீனு, ஒரு வாட்டி தொறக்க சொல்லு" என்றார் அந்த அம்மா. "மூடிட்டாங்கம்மா, இனிமே தொறக்க மாட்டாங்க." பிறகு என்னைப் பார்த்து, "லாரிக்காரன் நாசமா போவ. நீ இன்னா பண்ணுவ பாவம், ஓடியாந்து ஏறிகினு இருந்த" என்று தண்ணீர் கொடுக்கச் சொன்னார். வாங்கிக் குடித்தேன். லூப்பைப் பற்றிச் சொல்லாமலே இறங்கிவிட்டேன்.

லைன் வேலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது: லூப் கட்டும்போதே எந்தக் கம்பத்தில் எத்தனை மீட்டர் என்று எழுதிக் கன்ட்ரோல் ரூம் சுவரில் ஒட்டிவிடுங்கள். மீட்டர் காட்டும் எண்ணில் அதைக் கழித்த பிறகு வண்டியை எடுங்கள். கழிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. போகும் வழியில் யாராவது கூப்பிட்டால் நின்று கேளுங்கள்.

போன ஞாயிறு சர்ச் முடிந்து நேரே அங்கே போனேன். லாரி உடைத்தது உண்மை, ஆனால் நாற்பது நிமிடத்தைத் தொலைத்தது நான், இல்லாவிட்டால் முகத்தைப் பார்த்திருப்பீர்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். பர்வீன் எழுந்து உள்ளே போய்விட்டார்.

"ஏம்பா வந்து சொன்ன?" என்றார் அந்த அம்மா. "அந்த லாரிக்காரன் மூஞ்சி எனக்குத் தெரியாது. தெனம் அவன திட்டிகினு, அழுதுகினு கெடந்தேன். உன் மூஞ்சி எனக்குத் தெரியுமே. இனிமே நான் யார திட்டுவேன்?"