உறைந்த ஏரியில் என் மானம் காத்த மஞ்சள் ஸ்னோமொபைல்

யாரும் நம்பப்போவதில்லை. ஆனாலும் சத்தியம் செய்து எழுதுகிறேன்.

இன்று சுவிஸ் மலைநாடான எங்கடினில், உறைந்த ஏரியில் பனியில் சறுக்கி ஓடும் பழைய ஸ்னோமொபைல்களின் ஓட்டம் நடந்தது. நான் இங்கே ஹோட்டலில் கோப்பை கழுவிய காலத்தில் அங்கே இருந்த மஞ்சள் மெசினும் நின்றது!

"இதையோ ஓடினனீங்கள்? முப்பது வருசமாப் புளுகிறியள்," என்றாள் மனைவி.

அதன் உரிமையாளர் ஸ்டார்ட் பண்ணும் கயிற்றை இழுத்து இழுத்துக் களைத்துவிட்டார். மெசின் அசையவில்லை. ஊரில் தண்ணீர் இறைக்கும் மெசினுக்குச் செய்வதுபோல், கார்புரேட்டரில் துளி பெட்ரோல் விட்டு நான் இழுத்தேன். ஆல்ப்ஸ் மலையே அதிர்ந்தது!

மனைவியைப் பின்னால் ஏற்றி, வானத்தில் போன இரண்டு விமானங்களை முந்தினேன்.

"இஞ்சருங்கோ, இன்னொரு சுத்து!" என்றாள்.

அந்தக் காலத்தில் இதை ஓட்டியவர் ஹோட்டல் சமையற்காரர். நான் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு இருந்தவன். இதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

துளி பெட்ரோலில் மெசின் கிளம்பியது மட்டும் உண்மை.