அழித்தவள் என்று பேர் வாங்கிய இதால்மிஸ்

சாந்தா கிளாராவில் எங்கள் ரத்த வங்கிக்குள் நுழைந்தால் முதலில் தெரிவது டெலிபோன் மேஜைதான். அதில் இரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்தவள் இதால்மிஸ். லினக்ஸ் சர்வரைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டவளை அங்கே தள்ளியவன் கணினிப் பிரிவுத் தலைவன் ஓஸ்னியேல். அவன் பேரைச் சொன்னாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் ரத்தம் கொடுப்பவர்கள் பட்டியல் திடீரென்று காலியாகிவிட்டது. பதினோராயிரம் பேர்! "இவதான் அழிச்சுட்டா" என்று ஊழியர் கூட்டத்தில் சொன்னான் ஓஸ்னியேல். அந்தச் சர்வர் மெஷினை ஒரே ஒரு தடவை பார்க்க விடுங்கள் என்று இதால்மிஸ் கெஞ்சினாள். அவளிடமிருந்த சர்வர் அறைச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு மெஷினை ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டான். பழைய அட்டைகளைப் பார்த்து ஐந்து மாதம் தட்டச்சு செய்தோம். பாதிப் பேர் கிடைக்கவே இல்லை. பரிசோதனைக் கூடத்திலிருந்த நானும் அவளைத் திட்டித்தான் தீர்த்தேன். வெட்கக்கேடு.

போன மார்ச்சில், அதற்குப் பதிலாக ஓடிக்கொண்டிருந்த சர்வர் புகைந்து போனது. புது மெஷின் எங்கே வரும்? ஸ்டோர் ரூமிலிருந்த அதே மெஷினைத் துடைத்துக் கொண்டுவந்தார்கள். இணையத்திலிருந்து இறக்க இங்கே யாருக்குப் பொறுமை? கைக்குக் கை மாறி வரும் ஹார்ட் டிஸ்கிலிருந்து தரவுத்தளத்தை நிறுவினான் ஓஸ்னியேல். நிறுவி முடிந்தது என்று வரும். எங்கள் மென்பொருளைத் திறந்தால் கடவுச்சொல் தவறு என்று வரும். நீக்கினான், மறுபடி நிறுவினான். ஆறு தடவை. மறுநாள் ஹவானாவிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது.

கடைசியில் டெலிபோன் மேஜைக்கு வந்து நின்றான்.

"இதால்மிஸ் கண்ணு, கொஞ்சம் மேல வந்து பாரேன்."

"கண்ணா? நேத்து வரைக்கும் அழிச்சவள்னுதானே கூப்பிட்ட?"

"பழசை எதுக்கு இப்போ..."

"வர்றேன். டைரக்டரம்மா என் பக்கத்துல உக்காரணும். அவங்க வந்தாத்தான் கீபோர்டுல கை வைப்பேன்."

டைரக்டர் டாக்டர் மிர்தா வந்தார். நானும் வேலையை விட்டுவிட்டுப் போனேன், விடுவேனா?

இதால்மிஸ் நாலைந்து கட்டளைகள் அடித்தாள். டாக்டர் பக்கம் திரும்பினாள். "டாக்டர், இதுல ரெண்டு தரவுத்தளம் ஓடுது. பழசு முதல் வாசல்ல உக்காந்திருக்கு. புதுசு இடமில்லாம அடுத்த வாசலுக்குப் போயிடுச்சு. நம்ம மென்பொருள் முதல் வாசலைத் தட்டுது. இவர் போட்ட கடவுச்சொல் பழசுக்கு எப்படித் தெரியும்?"

"பழசுன்னா?" என்றார் டாக்டர்.

"நான் வச்சது." தன் பழைய கடவுச்சொல்லை அடித்தாள். திரையில் பெயர்கள் ஓடின. பதினோராயிரமும். ஒன்று குறையவில்லை.

ஓஸ்னியேல் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தான். அவள் விடவில்லை. எதை யார் எப்போது நிறுவினார்கள் என்று மெஷினே குறித்துவைக்கும் நிறுவல் பதிவேட்டைத் திறந்தாள். "பட்டியல் காணாம போன அன்னைக்கு இதே மாதிரி ஒண்ணை யாரோ பக்கத்துல நிறுவி, மென்பொருளை அந்தக் காலி வாசலுக்குத் திருப்பியிருக்காங்க. இப்போ நீக்கி நீக்கி நிறுவினதுல அந்தக் காலி போயிடுச்சு, பழசு தப்பிச்சிருக்கு. யாருன்னு பேரோட இருக்கு. நீயே சத்தமா வாசி."

"இதால்மிஸ்..."

"வாசிங்க, ஓஸ்னியேல்" என்றார் டாக்டர்.

தன் பேரைத் தானே வாசித்தான். அட, காது குளிர்ந்தது எனக்கு!

அன்றைக்கே அவன் தன் தவறை எழுதி, இதால்மிஸிடம் காட்டி, ஊழியர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் படிக்க வேண்டும் என்று உத்தரவானது. மாலையில் தாளோடு வந்தான். அவள் படித்துவிட்டுத் திருப்பி எறிந்தாள்.

"பிரிவின் கவனக்குறைவாம்! பிரிவா என் சாவியைப் பிடுங்குச்சு? உன் பேரை எழுது."

எழுதினான். அதையும் எறிந்தாள்.

"நான் கெஞ்சினதையும் எழுது. நீ பார்க்க விடாததையும் எழுது."

மூன்றாவது தாளைக் கொண்டுவந்தான். "இப்பவாவது உன் கோபம் போச்சா?" என்றான்.

"என் பையன் பள்ளிக்கூடத்துல அழிச்சவ மகன்னு அடி வாங்கிட்டு வந்தான்" என்றாள் இதால்மிஸ். "அது எங்கடா போகும்? கையெழுத்துப் போடு."