கண்ணாடிக்காரரின் பிரேக்

கண்ணாடிக்காரருக்குத் தம் பிக்கப்பில் அடுத்தவன் கை பட்டால் ஆகாது. இருபத்திரண்டு வயது வண்டி. ஜன்னல் கண்ணாடிகளைச் சாய்த்து அடுக்க மரச்சட்டம், அடியில் பழைய மெத்தைத் துண்டு, எல்லாம் அவர் கைவேலை. மெக்கானிக் என்றாலே வேப்பங்காயாகக் கசக்கும். அதனால்தான் வெள்ளிக்கிழமை முன்சக்கரங்களைக் கவ்வி நிறுத்தும் இரண்டு பிரேக் காலிப்பர்களையும் கழற்றி, துருவைச் சுரண்டி, புது ரப்பர் போட்டுத் தாமே மாட்டினார். மாட்டிவிட்டு, ஊருக்கே பிரேக் போட்டவர் மாதிரி ஒரு நடை நடந்தார்.

சனிக்கிழமை அந்த நடை போயிற்று. பாதி லோடோடு ஆஸ்பத்திரிச் சரிவில் இறங்கும்போது பெடல் பஞ்சு போல அமுங்கித் தரையைத் தொட்டது. கைபிரேக்கை இழுத்து, கியரைக் குறைத்து, ஒருவழியாக வண்டி நின்றபோது அதற்கும் குறுக்கே போன கைவண்டிக்காரருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அந்த மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவருக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது. வீட்டில் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் வண்டியை விற்கச் சொல்வாள் மனைவி. அதுகூடப் பெரிதில்லை, சரி என்று தலையாட்டிவிடுவோமோ என்பதுதான் அவர் பயம். மீதிக் கண்ணாடி திங்கட்கிழமை அதே சரிவில் இறங்க வேண்டும்.

ஞாயிறு காலை வாசலில் வண்டியை ஜாக்கியில் ஏற்றினார். ஆயில் டப்பா நிறைந்திருந்தது. குழாயில் கசிவில்லை, சக்கரத்தின் உள்பக்கம் ஈரமில்லை. மூன்று தரம் மிதித்தால் பெடல் இறுகுகிறது, விட்டால் மறுபடி தொளதொள.

"உள்ள காத்து நிக்குது," என்றார். காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் அடியில் படுத்து காலிப்பரிலுள்ள சின்னத் திருகான நிப்பிளைத் திறந்து மூட. மனைவி ஒரு கேள்வியும் கேட்காமல் ஏறி உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவளுக்கு இருப்பதே அந்த ஒரு நாள் லீவு.

"மிதி."

"மிதிச்சேன்."

"விடு."

"விட்டேன்."

இரண்டு பாட்டில் ஆயில் தீர்ந்தும் பெடல் பஞ்சுதான். கண்ணாடிக்காரர் நிப்பிளையும் வண்டியையும் அதைச் செய்தவனையும் வைது தீர்த்தார். மனைவி இறங்கி வந்து குனிந்து பார்த்தாள்.

"காத்து வெளிய வர்ற வழி இதானா?"

"ஆமா. அதத்தான காலையில இருந்து திறந்து மூடிட்டு இருக்கேன்."

"கீழ இருக்கே. காத்து மேலதான நிக்கும்? ஊசிய மேல பாக்கப் புடிச்சுத்தான் நாங்க காத்த எடுப்போம். கீழ பாக்கப் புடிச்சா மருந்துதான் போகும்."

அவர் எழுந்து மறுபக்கச் சக்கரத்துக்கு ஓடினார். அங்கேயும் நிப்பிள் கீழே. வலது காலிப்பர் இடதில், இடது வலதில், அதனால்தான் இரண்டும் தலைகீழ். இரண்டையும் ஒரே தட்டில் போட்டுக் கழுவியதன் பலன். முகத்தில் அசடு வழிந்தது. வேறொருவன் செய்திருந்தால் அந்தக் கதையைப் பத்து வருடம் சொல்லியிருப்பார்.

மாற்றி மாட்டி நிப்பிளைத் திறந்ததும் குபுகுபுவென்று குமிழிகள் வந்தன. பிறகு வெறும் ஆயில். பெடல் கல் மாதிரி நின்றது. தெருவில் நாலு தடவை ஓட்டி நிறுத்திப் பார்த்துவிட்டுச் சரிவுக்குக் கிளம்பினார். மனைவியும் ஏறிக்கொண்டாள்.

சரிவின் நடுவில், கைவண்டிக்காரர் கடந்த அதே இடத்தில், ஒரே மிதி. வண்டி நின்றது. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, கண்ணும் கலங்கிவிட்டது.

"நேத்து இங்கதான்மா, ஒரு ஆள இடிச்சிருப்பேன்."

"ஏதோ நடந்திருக்குன்னு தெரியும். வந்ததும் வராததுமா மூணு டம்ளர் தண்ணி குடிச்சீங்க. தூங்குறப்ப நாடி புடிச்சுப் பாத்தேன், நூத்திப் பத்து."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா, வண்டிய வித்துடறேன்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்தேன். அப்புறம் வீட்ல உக்காந்து என்ன செய்வீங்க?"

அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவரும் குழந்தை மாதிரிக் காத்திருந்தார்.

"எழுபத்தெட்டு," என்றாள். "எடுங்க, பின்னால ஹார்ன் அடிக்கிறாங்க."