முன்கூட்டிக் கேட்ட திவசம்

ஒருவன் இன்னொருவரைத் தாக்கத் திட்டம் போட்டால், அது முதலில் போலீசுக்குத் தெரிவதில்லை. அவன் தெருவுக்குத்தான் தெரிகிறது. அந்தத் தெருவைப் பழக்கி, காரியம் நடக்கும் முன்பே தடுப்பதுதான் என் வேலையாக இருந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் மனநல கவுன்சிலராக இருந்து, குடியிருப்போர் சங்கம், சாலைக் கடைக்காரர்கள், கோயில் ஊழியர்கள் என்று பலருக்கும் டிரெய்னிங் கொடுத்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு கேஸை மட்டும் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

1. வலியசாலை கிளாஸ்

கிளாஸில் பாடம் பெரிதாக ஒன்றுமில்லை. கவனி, நேராகக் கேள், ஆளைத் தனியாக விடாதே. இரண்டாவதில்தான் வலியசாலை அக்ரஹாரம் முரண்டு பிடித்தது.

சந்தேகம் வந்தால், "யாரையாவது கொல்ல நினைக்கிறாயா? சாக நினைக்கிறாயா?" என்று சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும். கேட்பதால் யாருக்கும் புதிதாக எண்ணம் வந்துவிடாது. ஆனால் விளக்கை 'அணை' என்றுகூடச் சொல்லாமல் 'அமர்த்து' என்று சொல்கிற வீடுகள் அவை. ரோல் ப்ளே செய்யச் சொன்னால் ஒருவர் வாயிலிருந்தும் அந்த வார்த்தை வரவில்லை. ஒரு ரிட்டயர்ட் ஆடிட்டர், "அசம்பாவிதம் ஏதாவது உத்தேசமோ?" என்று கேட்டார். காசி யாத்திரை உத்தேசமோ என்று விசாரிக்கிற குரல். எனக்குச் சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது.

அந்தத் தெருக்களில் நல்லது கெட்டது எல்லாம் செய்துவைக்கும் கணபதி வாத்தியார் எழுந்தார். "டீச்சர், எங்க நாக்குல அது வராது. வரவும் படாதாக்கும்," என்றார். இந்த ஊரில் கிளாஸ் எடுக்கிற பெண்கள் எல்லாருமே டீச்சர்தான்.

சரி, போலீஸ் வந்து தெருவில் கயிறு கட்டிய பிறகு மங்கலமாகப் பேசிக்கொள்ளுங்கள் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். எல்லாரும் டீ குடித்துக் கலைந்தார்கள். விழலுக்கு இறைத்த நீர் என்று நினைத்துக்கொண்டு நான் கிழக்கேகோட்டைக்கு பஸ் ஏறினேன்.

2. வாத்தியார் கொண்டுவந்த செய்தி

சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வாத்தியார் எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார். முகத்தில் ரத்தமே இல்லை.

அவர் தெருவில் ஹரி என்று ஒருவன். மனைவி மீனா சண்டை போட்டுக்கொண்டு, மகளையும் அழைத்துக்கொண்டு கரமனையில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். என் குடும்பத்தைப் பிரித்தவன் மச்சினன்தான் என்று தெருவெல்லாம் கத்திக்கொண்டிருந்த ஹரி, கொஞ்ச நாளாக வாயே திறப்பதில்லை. அப்பாடா, அடங்கிவிட்டான் என்று தெரு நிம்மதியாக இருந்தது. முந்தின நாள் அவன் வாத்தியாரிடம் வந்து, அப்பாவின் திவசத்தை நாளைக்கே நடத்தித்தர முடியுமா என்று கேட்டிருக்கிறான்.

திவசம் என்பது அப்பா இறந்த திதியில் மகன் வருடாவருடம் செய்வது. அதை முன்னுக்கு இழுக்கிற வழக்கம் கிடையாது. அந்தத் தெருவில் பிறந்த யாருக்கும் இது தெரியும், ஹரிக்கும் தெரியும். வாத்தியாரோ அந்தத் தெருக்காரர் மட்டுமே செய்யக்கூடிய தவறைச் செய்தார். அவனை நிற்கவைத்து சாஸ்திரம் சொல்லித் திட்டி அனுப்பிவிட்டார். படி இறங்கும்போது அவன், "அன்னிக்குப் பண்றதுக்கு ஆள் இருக்காது, மாமா," என்று சொல்லியிருக்கிறான்.

வாத்தியார் பிறகு பஞ்சாங்கத்தைப் பிரித்துப் பார்த்தார். திதி வருகிற புதன்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு மச்சினனின் புதுவீட்டு கிரகப்பிரவேசம். நடத்திவைக்கப் போவதும் இவரேதான்.

"எல்லாத்தையும் முன்னாடியே முடிச்சு வைக்கறவாளை கவனிங்கோன்னு நீங்க கிளாஸ்ல சொன்னேளே. அது இதுதானே, டீச்சர்?"

"அதேதான்," என்று போனை எடுத்தேன்.

3. கேள்வி

வழக்கமாக எங்களோடு வேலை செய்யும் சப் இன்ஸ்பெக்டருக்கு போன் போட்டேன். மீனாவுக்கும் அவள் அண்ணனுக்கும் உடனே தகவல் போனது. மஃப்டியில் இரண்டு போலீஸ்காரர்கள் தெருமுனையில் நிற்க, நானும் வாத்தியாரும் ஹரியின் வீட்டுக்குப் போனோம். அந்த ஆளுக்கு நம்பிக்கையானவர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பது எங்கள் முறை.

திதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம் என்று ஹரி நினைத்தான். நாற்காலி போட்டான், காப்பி வேணுமா என்று கேட்டான். நான் கேள்விக்கு வாயெடுத்தேன். வாத்தியார் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"ஹரி, நீ ஞாயித்துக்கிழமை அவாளைக் கொல்லப் போறயாடா? நீயும் சாகப் போறயா?"

அந்தக் கேள்வியை நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். அன்று போல் எனக்கு உடம்பு சிலிர்த்ததில்லை. வாத்தியார் ஆசாரத்தையெல்லாம் விட்டு ஹரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமா, மாமா," என்றான். "மீனாவும் குழந்தையும் அங்கதான் இருப்பாங்கறதை நான் நினைச்சே பாக்கலை."

அப்புறம் விம்மி விம்மி அழுதான். அடுக்களைப் பக்கம் கை காட்டினான். அலமாரிக்குப் பின்னால் பெட்ரோல் கேன்கள் இருந்தன. போலீஸ்காரர்கள் எடுத்துப் போனார்கள். கேஸ் பதிவானது, சட்டம் அதன் வழியில் போனது. ஹரியை அன்றே மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவனும் மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம் நடந்தது. பால் பொங்கியது. மீனாவின் மகள் புதுவீட்டு மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள். காவலுக்கு வந்த போலீஸ்காரர்களும் பந்தியில் உட்கார்ந்து அடைப் பிரதமன் பாயசம் சாப்பிட்டார்கள். நான் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன். சுகர் இருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். போன உயிர் திரும்பி வந்திருந்தது எனக்கு.

4. ஆஸ்பத்திரியில்

புதன்கிழமை திதி தவறிப்போனது. அடுத்த வாரம் வாத்தியாரோடு ஹரியைப் பார்க்கப் போனேன். மெலிந்திருந்தான். அப்பாவோட திதியும் போச்சே, மாமா என்று மெதுவாகச் சொன்னான்.

"தவறிப் போனா அமாவாசையில பண்ணலாம்டா," என்றார் வாத்தியார். "பிந்தறதுக்கு சாஸ்திரத்துல வழி உண்டு. முந்தறதுக்குத்தான் கிடையாது."

ஹரி கொஞ்சம் யோசித்தான்.

"அமாவாசை என்னிக்கு, மாமா?"

வாத்தியார் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். நான் வராந்தாவுக்கு வந்து நன்றாக அழுதேன்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். திட்டம் போட்டவனிடம் ஒரே ஒரு தேதிதான் இருக்கும். பெட்ரோலைப் பிடுங்கியதோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அதற்கு அப்புறம் ஒரு நாள் உண்டா என்று அவனே கேட்கும்வரை கூட இருங்கள்.