லிஃப்ட்டை மேலே நிறுத்துகிறவர்

அண்ணன் லிஃப்ட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டார் என்று எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடி டெய்லர், அண்ணியிடம் சொன்னாராம். டெய்லரிடம் வேறு யாரோ சொன்னார்களாம். இருபத்தாறு வருஷமாக அடுத்தவர்களை லிஃப்ட்டிலிருந்து வெளியே இழுத்துப் போட்ட மெக்கானிக்குக்குக் கிடைத்த மரியாதை.

புயல் வருவது முதலில் எனக்குத்தான் தெரியும். ஏழு கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு மூன்று வானிலைத் தளங்களை மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் குடும்பத்துக்கு நான் செய்யும் சேவை. போன வாரம் அது வெறும் வெள்ளைப் புள்ளி. கடல் சூடாகிறது, ஈரக்காற்று மேலே ஏறுகிறது என்று அண்ணனுக்குப் பாடம் எடுத்தேன்.

"தெரியும்டா. மேல போனவன் இடத்தைப் பிடிக்கச் சுத்தி நிக்கிறவன்லாம் முண்டியடிச்சு ஓடி வருவான். காலையில எங்க லிஃப்ட் வாசல்ல வந்து பாரு, தினமும் புயல்தான்."

"அன்னைக்கு வீட்டுலயே இருங்கண்ணே."

"வெள்ளம் வந்தா லிஃப்ட் குழி ரொம்பிடும். பெட்டியை மேல் மாடியில நிறுத்தி, கரண்டை அணைக்கணும். பதினோரு கட்டடம் இருக்கு. நீ வந்து நிறுத்துறியா?"

நான் அடுத்த வானிலைத் தளத்தைத் திறந்தேன்.

புயலன்று பத்துக் கட்டடம் முடிந்தது. பதினோராவதில் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் புது சோபா தரைத்தளத்தில் இருந்தது. வெள்ளம் வரும் என்று அவர் கடைசிவரை நம்பவில்லை. சோபா நனையும் என்பதை மட்டும் நம்பினார். லிஃப்ட்டை ஒரே ஒரு தடவை கீழே இறக்கச் சொன்னார். அண்ணனுக்கு 'முடியாது' என்ற சொல் வாயில் வராது. வந்திருந்தால் நான் வெளிநாட்டில் படித்திருக்க மாட்டேன். "சோபாவை ஏத்திட்டு வந்துடுறேன்" என்று அண்ணிக்குப் போன் செய்தார். அதோடு சரி.

புயல் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகவே கரையேறியது. எங்கள் ஊரில் வேறெதுவும் நேரத்துக்கு முன்னால் வந்ததில்லை. பேருந்து நிலையக் கூரை பள்ளி மைதானத்துக்கு மாற்றலாகிப் போனது. மின்கம்பங்கள் வரிசையாக விழுந்து கும்பிட்டன. கடல் தெருவுக்குள் வந்து தரைத்தளங்களில் குடியேறியது.

"ஜன்னல் கண்ணாடியெல்லாம் போயிடுச்சு, வீடு நல்லா காத்தோட்டமா இருக்கு தம்பி," என்றார் அண்ணி. குரல் மட்டும் சிரிக்கவில்லை. "தெருவுல இடுப்பளவு தண்ணி, இறங்க முடியல. நீங்க போன் போடுங்க. நான் போட்டா எடுக்கல. உங்க பேரைப் பாத்தா எடுப்பாரு."

போடுகிறேன். மணி அடிக்கிறது. அடிப்பதால் போன் நனையவில்லை. போன் நனையவில்லை என்றால் சட்டைப்பை நனையவில்லை. சட்டைப்பைக்கு மேலேதானே மூக்கு? இவ்வளவு படித்தவனுக்கு இன்றைக்குக் கைகொடுப்பது இந்த ஒரு சமாதானம்தான்.

மணி அடித்துக்கொண்டிருக்கிறது.